கொக்கி மாட்டினால் கப்பல் விமானம் ஆகுமா?

தரமணியில் தொழிற்கல்வி பயிலும் வாலிபர் சிலர் சில தினங்களுக்கு முன் நம்மைக் காண வந்திருந்தனர். அவர்கள் கொணர்ந்த கேள்வி ஒன்றே. "நம் நாட்டில் செய்த தேஜஸ் விமானம் நன்றாய்ப் பறக்கிறது. அதன் வாலில் ஒரு கொக்கியை மாட்டிவிட்டால் கப்பலில் இறங்காதா? பிறகு பிரெஞ்சுக்காரருக்கு நாம் ஏன் 63,000 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டனர். கேட்டவர்களின் குரலில் ஆவலோடு கோபமும் கலந்திருந்தது. அந்தக் கோபத்தை நாம் மதிக்கிறோம். சுதேசிப் பொருளின்மீது பற்றுள்ளவனுக்கே அது வரும். ஆயினும் கேள்வியின் முற்பாதியில் ஒரு பிழை இருக்கிறது. ஒரு காலத்தில் ஏழு கடலையும் ஆண்ட பிரிட்டிஷ் சர்க்காரே அந்தப் பிழையைச் செய்து, தன் விமானிகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பாடம் கற்றது. அந்த வரலாற்றை நம் வாசகர்கள் அறிந்துகொண்டால், கேள்வியின் பிற்பாதிக்கு விடை தானே விளங்கும்.

பிரிட்டனில் 1918-ஆம் வருஷம் ஆகாயப் படை தனிப்படையாக அமைக்கப்பட்டபோது, கப்பலில் பறக்கும் விமானங்களும் அதன் வசம் சென்றன. கப்பல் கடற்படைக்குச் சொந்தம், அதன்மேல் நிற்கும் விமானம் ஆகாயப் படைக்குச் சொந்தம் என்ற விசித்திரமான ஏற்பாடு ஏறக்குறைய இருபது வருஷம் நடந்தது. 1937-ல்தான் அதை மாற்றத் தீர்மானித்தார்கள். 1939 மே மாதத்தில்தான் கடற்படையின் கைக்கு விமானங்கள் முழுவதும் வந்தன. அடுத்த நான்கு மாதங்களில் உலக யுத்தம் மூண்டது. இடைப்பட்ட காலத்தில் லண்டனைக் காப்பதற்கென்று ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் என்னும் அருமையான சண்டை விமானங்கள் உருவாயின. கடலுக்கென்று அவற்றுக்கு நிகராக ஒன்றும் உருவாகவில்லை. எனவே, அண்ணனுக்குத் தைத்த சட்டையைப் பிரித்துத் தம்பிக்குத் தைத்துப் போடும் வேலை தொடங்கிற்று.

அந்தச் சட்டை எதனால் தம்பிக்குப் பொருந்தவில்லை என்பதைச் சற்று விரிவாய்ப் பார்ப்போம். ஹரிக்கேனுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் உயிராயிருந்தது மெர்லின் என்னும் எஞ்சின். பன்னிரண்டு ஸிலிண்டர்கள் இரண்டு வரிசையாய் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்க, அவற்றின் வெப்பத்தைக் குழாய்களில் ஓடும் திரவம் வாங்கிக்கொண்டு, ரேடியேட்டருக்குச் சென்று காற்றில் ஆறித் திரும்பும். இந்த அமைப்பினால் விமானத்தின் மூக்கு ஒடுங்கி நீண்டது. காற்றைக் கிழித்துச் செல்லும் வேகம் கிடைத்தது. நிலத்தில் அது பெரும் நன்மை. கடலிலோ அதே அமைப்பு பல தொல்லைகளைக் கொண்டுவந்தது. குழாயில் ஒரு குண்டு பாய்ந்து திரவம் ஒழுகிவிட்டால் சில நிமிஷங்களில் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். நிலத்தின்மேல் பறப்பவன் ஏதேனும் வயலில் இறங்கலாம். கடல்மேல் பறப்பவனுக்கு வயல் ஏது? தண்ணீரில் இறங்கினாலும், ஹரிக்கேனின் வயிற்றில் தொங்கிய ரேடியேட்டர் தண்ணீரை வாரி விமானத்தை முகங்குப்புறக் கவிழ்த்துவிடும். ஸ்பிட்ஃபயரின் சிறிய ரேடியேட்டர்கள் பறக்கும்போது கிடைக்கும் காற்றை நம்பியவை. தளத்தில் வரிசையாய் நின்று, முறை வரும்வரை எஞ்சினை ஓட விட்டுக் காத்திருக்கையில் அவை கொதித்துவிடும். போதாக்குறைக்கு, நீண்ட மூக்கு விமானியின் கண்ணுக்குத் தளத்தையே மறைத்தது. நேராக வந்தால் கப்பல் தெரியாது. ஆகையால் ஒரு பக்கமாய் வளைந்து வளைந்து வந்து, கடைசிக் கணத்தில் நிமிர்ந்து இறங்கும் உபாயத்தை விமானிகள் கண்டுபிடிக்க நேர்ந்தது.

1940 ஜூன் மாதத்தில் நார்வேயிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பத்து ஹரிக்கேன்களை எரித்துவிட்டு வரும்படி உத்தரவு. விமானிகள் அதற்கு மனமொப்பாமல், வாலில் மணல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு, கொக்கியே இல்லாமல் 'குளோரியஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கினர். பத்தும் பழுதின்றி இறங்கின. கொக்கியே வேண்டாம் என்று சொல்லத்தக்க அற்புதம் அது. மறுநாள், ஜூன் 8-ந் தேதி, ஜெர்மன் யுத்தக் கப்பல்கள் குளோரியஸை மூழ்கடித்தன. ஹரிக்கேன் விமானிகள் பதின்மரில் பிழைத்தவர் இருவரே. ஒரு முறை இறங்குவது வேறு, அன்றாடம் இறங்குவது வேறு என்பதை ஆராய அங்கு எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

அடுத்த வருஷம் வேறொரு கொடுமை நிகழ்ந்தது. அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களைக் காக்க, அவற்றின் முன்பக்கத்தில் ஒரு கவண்போன்ற கருவியை வைத்து ஹரிக்கேனை எறிந்தார்கள். திரும்ப இறங்கத் தளம் கிடையாது. சண்டை முடிந்ததும் விமானி பாராசூட்டில் குளிர்ந்த கடலில் குதிக்க வேண்டும். யாரேனும் எடுத்தால் உண்டு. அந்த வீரர்களின் துணிவை வியக்கிறோம். அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்த இருபது வருஷ அசட்டையை வியப்பதற்கில்லை.

ஸ்பிட்ஃபயருக்குக் கொக்கி மாட்டி 'ஸீஃபயர்' என்று பெயரிட்டார்கள். நம் தரமணி நண்பர்களின் யோசனைக்கு அட்சரம் பிசகாத உதாரணம் அதுவே. 1943 செப்டம்பரில் இத்தாலியில் ஸலெர்னோ கடற்கரையில் படைகள் இறங்கியபோது, நூற்றுக்கு மேற்பட்ட ஸீஃபயர்கள் அவற்றுக்குக் காவல் நின்றன. கப்பல்கள் சிறியவை, மெதுவாய்ச் செல்பவை. அன்று கடலில் காற்றும் இல்லை. விமானந்தாங்கிக் கப்பல் காற்றை எதிர்த்து ஓடும்போதுதான் இறங்குகிற விமானத்துக்கும் தளத்துக்கும் உள்ள வேக வித்தியாசம் குறையும். காற்றும் இல்லை, கப்பலும் ஓடாது என்றால் அவ்வளவு வேகத்தையும் சக்கரக் கால்களும் கொக்கியும் தாங்க வேண்டும். ஸ்பிட்ஃபயரின் கால்கள் நெருங்கி நின்றவை. புல்வெளியில் மெல்ல இறங்குவதற்கென்று வகுக்கப்பட்டவை. அவை ஒடிந்தன. வாற்புற உடல் நசுங்கிற்று. கொக்கி வடத்தைப் பற்றியதும் மூக்குச் சாய்ந்து, முன்விசிறி தளத்தைக் கோழிபோல் கொத்திற்று. விசிறியின் நுனிகளைச் சிறிது அறுத்துவிட்டுப் பறக்க விட்டார்கள். எதிரியின் குண்டுக்கு இரையானவற்றைக் காட்டிலும் பன்மடங்கு விமானங்கள் தம் சொந்தக் கப்பலின் தளத்திலேயே நொறுங்கின. சில தினங்களில், தொடங்கியபோது இருந்தவற்றில் பாதிகூடப் பறக்கும் நிலையில் இல்லை.

ஸீஃபயர் உதவாக்கரை என்று நாம் சொல்லவில்லை. வானத்தில் அது சிறந்த விமானம். இறக்கையை மடக்கினார்கள், காலை வலுப்படுத்தினார்கள், எஞ்சினை மாற்றினார்கள். 1950-ல் கொரியா யுத்தத்தில் 'டிரையம்ஃப்' கப்பலிலிருந்து பறந்த கடைசி ஸீஃபயர் ஏறக்குறைய ஒரு புது விமானமே. ஆனால், சட்டை உடம்புக்குப் பொருந்தி வந்த அந்த வேளையில் ஜெட் விமானங்கள் வந்துவிட்டன.

அமெரிக்கரின் கடற்படை தன் விமானங்களைத் தானே வகுத்துக்கொண்டது. 1920-களிலேயே அவர்கள் திரவத்தால் குளிரும் எஞ்சினைக் கைவிட்டு, நட்சத்திரம்போல் ஸிலிண்டர்கள் விரிந்து காற்றாலேயே குளிரும் எஞ்சினைத் தேர்ந்தார்கள். அதனால் மூக்கு மொத்தையாயிற்று. ஆனால் ஒழுகக் குழாய் இல்லை, கப்பலில் தனித் திரவம் சேமிக்கத் தேவையில்லை, ஒரு ஸிலிண்டர் போனாலும் மற்றவை இழுத்துக்கொண்டு வரும். அவர்களுக்கும் ஆசை ஒரு முறை வந்தது. மெர்லின் பொருத்திய முஸ்டாங் என்னும் புகழ்பெற்ற நிலத்து விமானத்துக்குக் கொக்கி மாட்டி 1944 நவம்பரில் கப்பலில் இறக்கிப் பார்த்தார்கள். இறங்கிற்று. இறங்கும் வேகத்துக்கும் காற்றில் நிலைதவறி விழும் வேகத்துக்கும் இடைவெளி மிகச் சொற்பம் என்று கண்டு, அத்துடன் விட்டுவிட்டார்கள்.

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள் என்று எண்ண வேண்டாம். 1942 ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பையும் 9-ந் தேதி திருகோணமலையையும் ஜப்பானியக் கப்பல் விமானங்கள் தாக்கின. 6-ந் தேதி காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. சென்னை நகரம் கதிகலங்கிற்று. ஜனங்கள் ரயிலேறினர், சர்க்கார் காரியாலயங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. நம் பாட்டனார் காலத்தவர் அந்த ஏப்ரலை 'எவாக்குவேஷன்' என்றே கடைசிவரை சொல்லிவந்தனர். அன்று இலங்கையைக் காக்க எழுந்தவை ஹரிக்கேன்களும், இலேசான நிலத்துக் குண்டு விமானத்தின் வரைபடத்திலிருந்து பிறந்த ஃபுல்மர்களும் ஆகும். எதிரே வந்த ஸீரோ விமானமோ, ஜப்பானியக் கடற்படை தன் தேவை இன்னதென்று எழுதிக் கொடுக்க, அதற்கென்றே வரையப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மீஸ்' என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியபோது அதன் தளத்தில் ஒரு விமானங்கூட இல்லை. அதன் விமானங்கள் கரையில் நின்றன. முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். கடலுக்கென்று விமானம் செய்யாத நாட்டின் கப்பல் எப்படி மடியும் என்பதை நம் கடற்கரைக்கு அருகிலேயே காலம் காட்டிற்று.

யுத்தத்தின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படை தென்னாட்டில் தன் விமானங்களுக்கு நிலையங்களை அமைத்தது. நிலையங்களுக்குப் பட்சிகளின் பெயரைச் சூட்டுவது அவர்கள் வழக்கம். கோயமுத்தூரில் இருந்தது 'கருடா'. சூலூரில் இருந்தது 'வைரி'. தரமணிக்கு மேற்கே சில மைலில் உள்ள தாம்பரத்தில் இருந்தது 'வல்லூறு'. வைரியும் வல்லூறும் நல்ல தமிழ்ச் சொற்கள். பெயர் மட்டுமே தமிழாயிருந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அதே சூலூரில் 2018-ஆம் வருஷம் நம் ஆகாயப் படையின் முதல் தேஜஸ் அணி வந்து தங்கிற்று. 2020 மே மாதம் இரண்டாவது அணியும் அங்கேயே நிறுவப்பட்டது. அந்நியன் வைரி என்று பெயரிட்ட ஊரில் சுதேசி விமானம் பறந்ததைக் கண்டு பெருமை கொள்ளாத தமிழன் இரான்.

அந்தத் தேஜஸின் கதைக்கு இனி வருவோம். இன்றைய ஜெட் விமானத்துக்கு ரேடியேட்டர் தொல்லை இல்லை. ஆனால், கால், கொக்கி, மூக்கு, கனம், உப்புக் காற்று என்னும் மற்றத் தொல்லைகள் யாவும் அப்படியே இருக்கின்றன. தேஜஸ் திட்டம் 1983-ல் ஆகாயப் படைக்கென்று அனுமதிக்கப்பட்டது. கடற்படைக்கான உருவத்துக்கு 2003-ல்தான் அனுமதி கிடைத்தது. இருபது வருஷ இடைவெளி! மறுபடியும் அண்ணனின் சட்டை. நிலத்தில் இறங்கும் விமானம் எவ்வளவு விரைவாய்க் கீழ்நோக்கி விழலாமோ, அதைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட விரைவில் கப்பல் விமானம் தளத்தில் வந்து மோதும். அதற்காகக் கால்களைத் தடிப்பாக்கினார்கள். காலைத் தாங்க உடலைத் தடிப்பாக்கினார்கள். தளம் கண்ணுக்குத் தெரிய மூக்கைத் தாழ்த்தினார்கள். மெதுவாய் இறங்குவதற்காக இறக்கையின் அடியில் முன்புறம் அசையும் தகடுகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் கனம். எஞ்சினோ ஒன்றே. நம் கப்பல்களில் விமானத்தை எறியும் கருவி கிடையாது. முனையில் உயர்ந்த மேடையில் ஓடித் தன் பலத்தாலேயே எழ வேண்டும். கனம் கூடக் கூட, எடுத்துச் செல்லும் எண்ணெயும் ஆயுதமும் குறைந்துகொண்டே வந்தன. 2016 டிசம்பரில் அன்றைய கடற்படைத் தலைவர் அட்மிரல் சுனில் லாம்பா, இந்த உருவத்தில் இவ்விமானம் கப்பலுக்கு ஆகாது என்று வெளிப்படையாய்ச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதில் தவறில்லை என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் அதைக் கேட்டு, திட்டமே வீண் என்று சிலர் கைகொட்டிச் சிரித்தார்களே, அவர்களோடு நாம் சேரமாட்டோம். கோவாவில் கரையிலேயே கப்பல் தளத்தைப்போல் ஒரு சோதனைத் தளம் கட்டப்பட்டது. 2019 செப்டம்பரில் தேஜஸ் அங்கே வடத்தைப் பற்றி நின்றது. 2020 ஜனவரி 11-ந் தேதி 'விக்கிரமாதித்யா'வின் தளத்தில் இறங்கிற்று; மறுநாள் அதிலிருந்தே எழுந்தது. 2023 பிப்ரவரியில் கொச்சியில் நாம் கட்டிய 'விக்கிராந்த்'திலும் இறங்கிற்று. ஜெட் விமானத்தைத் தானே செய்து கப்பலில் இறக்கிய நாடுகள் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ருஷியா, சீனா ஆகியவையே. அந்த வரிசையில் நாமும் நிற்கிறோம். சேனையில் சேர்க்கத்தக்க விமானம் கிடைக்கவில்லை என்பது உண்மை. கப்பலில் இறங்கும்போது ஒரு காலில் எவ்வளவு பாரம் விழுகிறது, வடம் இழுக்கும்போது உடல் எங்கே நெளிகிறது என்பவற்றை எந்த நாடும் நமக்கு விலைக்குக்கூட விற்காது. அவை நம் கையில் வந்துவிட்டன.

விலைக்கு வாங்கிய விமானம் சுகமாயிருந்ததா என்றால், அதுவும் இல்லை. 2004-லும் 2010-லுமாக ருஷியாவிடமிருந்து 45 மிக்-29கே விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்தோம். அதுவும் நிலத்து விமானத்துக்குக் கடலுடை உடுத்தியதே. 2016-ல் கணக்குத் தணிக்கைத் தலைவர் பார்லிமெண்டுக்கு அளித்த அறிக்கையின்படி, ஓர் ஆசன விமானங்களில் பறக்கத் தயாராயிருந்தவை 100-க்கு 16 முதல் 38 வரை மட்டுமே. கோளாறினால் கழற்றப்பட்ட எஞ்சின்கள் நாற்பது. தளத்தில் இறங்கும் அதிர்ச்சியில் பாகங்கள் நிலைகுலைவதும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஸலெர்னோவில் கண்ட காட்சியைப் பின்னும் எழுபது வருஷம் கழித்து, நம் சொந்தப் பணத்தில் நாம் கண்டோம்.

பிரெஞ்சுக்காரரின் ரஃபேல் இவற்றினின்றும் மாறுபட்டது. தரைக்கும் கப்பலுக்கும் ஒரே காலத்தில் வகுக்கப்பட்டு, இரண்டு உருவங்களும் 1991-ஆம் வருஷத்திலேயே பறந்தன. கப்பல் உருவம் சுமார் 500 கிலோ கனம் கூட; அந்தக் கனத்துக்கு இடம் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் அதன் இறக்கை மடங்காது. 2025 ஏப்ரல் 28-ந் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தில் நாம் கேட்ட 26 விமானங்களில், இரண்டு ஆசனம் உள்ள நான்கும் கரையில் பயிற்சிக்கே உதவும். 63,000 கோடி ரூபாய்க்கு நாம் பெறுவதன் அளவை வாசகர்கள் இதிலிருந்து அறியலாம். ஆயினும் விக்கிராந்தின் தளம் வெறுமையாய்க் கிடக்கலாகாது. ஹெர்மீஸின் கதி நமக்கு வேண்டாம். ஆதலால் இந்த வாங்குதலை நாம் கண்டிக்கவில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் 1907-ல் பிரான்ஸிலிருந்தே 'காலியா' கப்பலை வாங்கினார். அதை ஓட்டும் வியாபாரத்தைத் தம் நாட்டார் கையில் வைத்துக்கொள்ளவே வாங்கினார். இன்று டில்லி சர்க்கார் வாங்குவது எதற்காக? நம்மவர் செய்து முடிக்கும்வரை இடைவெளியை நிரப்பவா, அல்லது நம்மவர் செய்வதையே மறந்துவிடவா?

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. தேஜஸ் தந்த படிப்பினையின்மேல், கப்பலுக்கென்றே இரட்டை எஞ்சினும் மடங்கும் இறக்கையும் உள்ள ஒரு புது விமானத்தைப் பெங்களூரில் வகுத்துவருகிறார்கள். கண்காட்சிகளில் அதன் மாதிரி உருவத்தைக் கண்டிருக்கிறோம். பறக்கும் விமானத்தை எவரும் கண்டதில்லை. அதற்கென்று எண்ணியிருக்கும் எஞ்சினும் அமெரிக்கருடையது. தேஜஸுக்காக 2021-ல் கேட்ட எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது என்பதை மந்திரிகள் மறந்திருக்கமாட்டார்கள் என நம்புகிறோம். கடற்படையும் இதில் முற்றும் குற்றமற்றதன்று. ஓர் எஞ்சின் விமானம் கனத்தைத் தாங்காது என்பதைப் பதின்மூன்று வருஷம் கழித்துச் சொல்வதைவிட, வரைபட மேஜையின் அருகே முதல் நாளே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

ஆகவே, நாம் கேட்பவை சில. இரட்டை எஞ்சின் விமானத்துக்கு முழுப் பணத்தையும் ஒரே தடவையில் அனுமதித்து, கப்பலில் இறங்கிப் பழகிய கடற்படை விமானி ஒருவரிடம், வரைபடத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும். தரைப்படைக்கென்றோ ஆகாயப் படைக்கென்றோ ஒரு கனம்கூட அதில் சேரலாகாது. ரஃபேலைப் பழுதுபார்க்கும் வேலையை நம் நாட்டிலேயே நடத்தி, அதன் காலும் கொக்கியும் எங்கே தேய்கின்றன என்பதை நம் எஞ்சினீயர்கள் கையால் தொட்டு அறியும்படி செய்ய வேண்டும். தேஜஸ் கப்பலில் இறங்கியபோது பதிவான கணக்குகளில் ரகசியமாய் வைக்கத் தேவையற்றவற்றைக் கல்லூரிகளுக்கு வழங்க வேண்டும். நம் ஆவடியில்தான் தேஜஸின் துணைக் கருவிகளை ஓட்டும் பற்சக்கரப் பெட்டி உருவாக்கப்பட்டது. தரமணியிலேயே, திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் உலோகம் எப்படிச் சோர்ந்து வெடிக்கிறது என்பதை ஆராயும் மத்திய சர்க்கார் ஆய்வுசாலை இருக்கிறது. நம்மிடம் வந்த வாலிபர்கள் தினமும் அதன் மதிலோரமாகவே நடந்து கல்லூரிக்குப் போகிறார்கள். அதனுள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கொக்கியைப் பற்றிய அவர்கள் கேள்விக்கு நம்மைக் காட்டிலும் நன்றாய் விடை சொல்லத்தக்கவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆய்வுசாலையின் அதிகாரிகள் மாதம் ஒரு நாளாவது அந்தக் கதவைத் திறந்துவைப்பார்களானால், அவர்களை நாமே அழைத்துச் செல்லச் சித்தமாயிருக்கிறோம்.